விசில் யாருடைய கையில்? – மலையக உதைபந்தாட்டமும் மத்தியஸ்தர் பயிற்சியும்

மலையகத்தில் உதைபந்தாட்டம் வளரவேண்டும் என்பதிற் கருத்து வேற்றுமை உடையோர் எவருமிலர். தேர்தல் மேடையிலே பேசுவோரும், தொழிற்சங்க மாநாட்டிலே தீர்மானம் நிறைவேற்றுவோரும், கோயில் திருவிழாவையொட்டிச் சுற்றுப்போட்டி நடத்துவோரும் இதனை ஒரே குரலிற் கூறுவர். ஆயின், வளர்ச்சி என்பதன் பொருள் யாது என வினவுமிடத்து அவர்கள் தரும் விடை பெரும்பாலும் மூன்று பொருள்களுக்குள் அடங்கிவிடும்: ஒரு பந்து, ஒரு தொகுதி ஜேர்சி, ஒரு வெற்றிக் கிண்ணம். சற்றுத் தாராள மனம் உடையோர் நான்காவதாக ஒரு மைதானத்தைச் சேர்த்துக்கொள்வர். இப்பட்டியலில் இடம்பெறாத ஒருவர் உளர். எவருடைய விசில் ஒலியின்றி ஆட்டம் தொடங்கவும் முடியாதோ, முடியவும் முடியாதோ, அவரே அவர். முறையான பயிற்சி பெற்று, தேர்வெழுதித் தகுதிபெற்ற மத்தியஸ்தர்கள் தோட்டப் பிரிவுகளிலிருந்தே தோன்றவேண்டும் என்னும் கோரிக்கை நமது மேடைகளில் ஒலிப்பதில்லை. அக்கோரிக்கையை முன்வைப்பதும், அது பந்துக்கும் ஜேர்சிக்கும் கிண்ணத்துக்கும் முந்திய கோரிக்கை என நிறுவுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நல்லதண்ணி என்னும் சிற்றூரை எடுத்துக்கொள்வோம். ஹற்றனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாகச் சென்று, மவுசாகலை நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து செல்லும் பாதை சிவனொளிபாதமலையின் அடிவாரத்தை அடையும் இடமே அது. அதற்கப்பால் 2,243 மீற்றர் உயர்ந்து நிற்கும் மலையும், மலைக்குச் செல்லும் படிகளுமே உண்டு. டிசம்பர்ப் பூரணை தொடக்கம் வெசாக் பூரணை வரையான யாத்திரைக் காலத்திலே நாடு முழுவதும் அவ்வூரைத் தேடி வருகின்றது. எஞ்சிய மாதங்களில் மழையும் மூடுபனியும் தேயிலையுமே அதற்குத் துணை. அங்கும், சூழவுள்ள தோட்டங்களிலும், மழை விட்ட மாலைகளில் இளைஞர் பந்து உதைப்பர். தேயிலைச் சரிவுகளுக்கிடையே எங்கேனும் ஒரு துண்டுச் சமதரை கிடைத்தாற் போதும். இரு பக்கமும் மூங்கிற் கம்பு நட்டு ஆட்டம் தொடங்கிவிடும். அவ்வூர் இளைஞன் ஒருவன் சிறந்த ஆட்டக்காரனாக விரும்பினால் அவனுக்கு ஓரளவேனும் வழி தெரியும். பாடசாலை அணி உண்டு. தோட்டக் கழகம் உண்டு. அதிட்டமிருப்பின் நோர்வூட்டிலோ ஹற்றன் டன்பார் மைதானத்திலோ விளையாடும் நாள் ஒன்றும் வரலாம். ஆனால், அவன் ஒரு மத்தியஸ்தனாக விரும்பினால் யாரிடம் செல்வான்? எந்த நூலைப் படிப்பான்? எம்மொழியிற் படிப்பான்? எங்கே ஓடிப் பழகுவான்? இந்நான்கு வினாக்களுக்கும் நேரிய விடை கூறவல்லார் அவனுடைய ஊரில் இல்லை. அவனுக்காகப் பேசுவதாகக் கூறிக்கொள்வோரிடையேயும் அரியர்.

விளைவு யாதெனின், மத்தியஸ்தம் என்பது நம் தோட்டங்களிலே ஒரு பயிற்சியாகவன்றி ஒரு தற்செயலாக நிகழ்கின்றது. சுற்றுப்போட்டி நாளன்று எவரிடம் விசில் இருக்கின்றதோ அவரே மத்தியஸ்தர். ஒருகாலத்தில் நன்றாக விளையாடியவர், உடற்கல்வி ஆசிரியர், அல்லது இரு கழகத்தாருக்கும் கடன்படாதவர் என ஏதேனும் ஒரு காரணம் பற்றி அவர் மைதானத்தின் நடுவே தள்ளப்படுகின்றார். இரு பக்கக் கோடுகளிலும் கொடி பிடிக்கும் உதவி மத்தியஸ்தர்களை ஆளுக்கொருவராக அவ்வக் கழகமே தருகின்றது. மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்குமிடையே நடைபெற்ற ஓர் இறுதியாட்டத்தை இக்கட்டுரையாளன் நேரிற் கண்டதுண்டு. ஒரு கோல் பற்றி எழுந்த வாக்குவாதம் பத்து நிமிடத்துள் கைகலப்பாயிற்று. ஆட்டம் அத்துடன் நின்றது. கிண்ணம் எவருக்கும் வழங்கப்படாது ஒரு தேநீர்க்கடை அலுமாரியில் வைக்கப்பட்டது. அடுத்த பல மாதங்களுக்கு இரு பிரிவு இளைஞரும் ஒரே பஸ்ஸில் ஏறவும் தயங்கினர். இத்தனைக்கும் அக்கோல் முறையானதே. கோலடித்தவன் "ஓப்சைட்" நிலையில் நின்றது உண்மை. ஆனால் அவனுக்குப் பந்து வந்தது பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியப்பட்ட எறிதலிலிருந்து. எறிதலிலிருந்து நேரே பந்தைப் பெறுபவனுக்கு ஓப்சைட் குற்றம் இல்லை என்பது 11 ஆம் விதியின் பாலபாடம். அவ்விதியை அறிந்தவர் அம்மைதானத்தில் ஒருவர் இருந்திருப்பின், அவருடைய சொல்லை ஏற்கும் பழக்கம் பார்வையாளருக்கு இருந்திருப்பின், அப்பகை பிறந்திராது.

மத்தியஸ்தர் என்பவர் ஆட்டத்தோடு கூடப்பிறந்தவரல்லர் என்பதனை இங்கு நினைவுகூருதல் தகும். 1863 இல் இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் தனது முதல் விதிகளை வகுத்தபோது அவற்றில் மத்தியஸ்தர் பற்றிய பேச்சே இல்லை. ஆடுவோர் கனவான்கள், கனவான்களுக்கிடையே எழும் தகராற்றைக் கனவான்களே பேசித் தீர்த்துக்கொள்வர் என்பது அன்றைய எண்ணம். பின்னர், அணிக்கு ஒருவராக இரு நடுவர் நியமிக்கப்பட்டனர். அவர்கள் உடன்படாதவிடத்து, மைதானத்துக்கு வெளியே நிற்கும் மூன்றாமவரிடம் விடயம் ஒப்படைக்கப்பட்டது. அம்மூன்றாமவரே இன்றைய மத்தியஸ்தரின் மூதாதை. 1885 இல் பணம்பெற்று ஆடுதல் சட்டபூர்வமாயிற்று. 1888 இல் லீக் போட்டி தொடங்கிற்று. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ஆட்டத்துட் புகுந்தனர். வெற்றி தோல்வி வயிற்றுப் பிரச்சினையாயிற்று. அதன் பின்னர் கனவான்களின் பரஸ்பர நம்பிக்கை போதாதாயிற்று. 1891 இல் மத்தியஸ்தர் மைதானத்தினுள் அழைக்கப்பட்டார். முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. தண்ட உதையும் அவ்வாண்டிலேயே விதியாயிற்று. இவ்வரலாறு நமக்குத் தரும் படிப்பினை தெளிவானது. ஆட்டத்தின் முடிவு மக்களுக்கு உண்மையாகவே முக்கியமாகும்போது பயிற்சிபெற்ற நடுநிலையாளர் இன்றியமையாதவராகின்றார். நம் தோட்டங்களில் ஆட்டத்தின் முடிவு எத்துணை முக்கியமாகிவிட்டது என்பதற்குக் கைகலப்புக்களே சான்று. எனினும் நாம் இன்னும் 1891 க்கு முற்பட்ட நிலையிலேயே நிற்கின்றோம்.

மத்தியஸ்தர் பயிற்சி என்றவுடன் விசில் ஊதக் கற்றுக்கொடுத்தல் என எண்ணுவோர் உளர். அது தவறு. ஆட்டத்தின் விதிகள் 17. அவற்றை மனனஞ்செய்தல் பயிற்சியின் முதற்படி மட்டுமே. நம் மைதானங்களில் முழங்கும் சில "விதிகளை" எடுத்து நோக்குக. பந்து கையிற் பட்டால் அது எப்போதும் குற்றம் என்பர். விதி அவ்வாறு கூறவில்லை. கையின் அசைவு, அதன் நிலை, உடலை இயல்புக்கு மாறாக அகலப்படுத்தியமை ஆகியன நோக்கப்படும். ஓப்சைட் நிலையில் நிற்பதே குற்றம் என்பர். அந்நிலையில் நிற்பவன் ஆட்டத்தில் ஈடுபட்டால் மட்டுமே அது குற்றமாகும். எறிதலிலிருந்து பந்து எவர்மீதும் படாது நேரே எதிரணியின் கோலுக்குட் சென்றால் கோல் என்பர். அது கோல் அன்று, எதிரணிக்குக் கோல் உதையே உரியது. குற்றம் நிகழ்ந்தவுடன் விசில் ஊதவேண்டும் என்பர். குற்றத்துக்கு ஆளான அணிக்கு ஆட்டம் தொடர்வதே அனுகூலமாயின் விசிலை அடக்கிவைப்பதே மத்தியஸ்தரின் திறமை. ஊதுவதற்கல்ல, ஊதாமலிருப்பதற்கே கூடுதலான பயிற்சி வேண்டும் எனின் மிகையாகாது.

அன்றியும் விதிகள் உறைந்து கிடப்பனவல்ல, ஆண்டுதோறும் திருத்தப்படுவன. 2019 இல் வந்த திருத்தத்தின்படி கோல் உதையின் பந்து தண்டப் பரப்பைத் தாண்டவேண்டியதில்லை. உதைக்கப்பட்டுத் தெளிவாக அசைந்தவுடனேயே அது ஆட்டத்திலுள்ளது. 2025 யூலை முதல், கோல் காப்பாளர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை வழங்கப்படவேண்டும். இறுதி ஐந்து விநாடிகளை மத்தியஸ்தர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஆடி ஓய்ந்தவர், தம் நினைவிலுள்ள விதியைக்கொண்டு இன்றைய ஆட்டத்துக்குத் தீர்ப்பு வழங்குவாராயின், நீக்கப்பட்ட சட்டத்தைக்கொண்டு வழக்கு விசாரிக்கும் நீதவானை ஒப்பார். அவரிடம் நேர்மை இருக்கலாம், நீதி இராது.

அறிவுக்கு அடுத்தது உடல். ஒரு முழு ஆட்டத்தில் மத்தியஸ்தர் பத்துக் கிலோமீற்றர் வரை ஓடவேண்டியிருக்கும். சர்வதேச ஆண் மத்தியஸ்தருக்கென பீபா வகுத்த சோதனையொன்றில், 40 மீற்றர் தூரத்தை ஆறு விநாடிக்குள்ளாக ஆறு முறை ஓடி முடித்தல் முதற் பகுதி. 75 மீற்றரைப் பதினைந்து விநாடியில் ஓடுதலும் 25 மீற்றரைப் பதினெட்டு விநாடியில் நடத்தலுமாக நாற்பது முறை, மொத்தம் 4,000 மீற்றர், செல்லுதல் இரண்டாம் பகுதி. தொடக்கநிலைப் பயிலுநருக்கு இத்துணைக் கடுமை இல்லையெனினும் திசை அதுவே. யாத்திரைக் காலத்தில் மலைப்படிக் கடைகளுக்கு மூட்டை சுமந்தேறும் நல்லதண்ணி இளைஞனுக்கு நெஞ்சுரமும் மூச்சுரமும் குறைவில்லை. அவனிடமில்லாதது அளவிட்ட தூரம். நாற்பது மீற்றர் என்பது எவ்வளவு என்று காட்டும் ஒரு கோடும், ஆறு விநாடி என்பது எவ்வளவு என்று காட்டும் ஒரு கடிகாரமும், இரண்டையும் இணைத்துச் சொல்லித்தரும் ஒருவரும் அவனுக்குக் கிடைப்பாராயின் எஞ்சியதை அவன் கால்களே பார்த்துக்கொள்ளும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகாது. ஓர் அளவு நாடாவும் ஒரு வாளிச் சுண்ணாம்பும் போதும்.

மூன்றாவது தடையே பெருந்தடை; அது மொழி. ஆட்ட விதிகளைப் பேணும் சர்வதேசச் சபை அவற்றை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் வெளியிடுகின்றது. ஏனைய மொழிகளிற் பெயர்த்துப் பரப்பும் பொறுப்பு அவ்வந் நாட்டுச் சங்கங்களைச் சார்ந்தது. மஸ்கெலியாவில் எந்தப் புத்தகக்கடையிலும், எந்தத் தோட்டப் பாடசாலை நூலகத்திலும், திருத்தங்கள் அனைத்தும் சேர்ந்த தமிழ் விதிநூல் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை வியப்போடு நோக்குவார். இக்கட்டுரையாளன் ஒருமுறை தொடக்கநிலை மத்தியஸ்தர் வகுப்பொன்றில் அமர்ந்தவன். விரிவுரை ஒரு மொழியில் நிகழ்ந்தது. படங்களின் குறிப்புக்கள் இன்னொரு மொழியில் இருந்தன. தமிழ் மட்டும் தேநீர் இடைவேளையில் ஒலித்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த தோட்டத்து நண்பர் ஆட்டத்தின் நுணுக்கங்களை என்னினும் பன்மடங்கு அறிந்தவர். இரண்டாம் நாள் அவர் வரவில்லை. அவருக்குத் திறமை போதவில்லை என்று பதிவேடு கூறும். உண்மையில், அவருக்கு விளங்கும் மொழியில் வினவுவதற்கு எவருமில்லை என்பதே காரணம்.

மொழி விளங்காதவிடத்துத் தீர்ப்பும் விளங்காது என்பதனை உதைபந்தாட்ட உலகம் ஏற்கெனவே உணர்ந்துள்ளது. 1966 உலகக் கிண்ணப் போட்டியின் காலிறுதியில் இங்கிலாந்தும் ஆர்ஜென்ரீனாவும் மோதின. மத்தியஸ்தர் ருடோல்ப் கிறைற்லைன் ஜேர்மானியர். அவர் ஆர்ஜென்ரீன அணித்தலைவர் ரற்றீனை வெளியேறுமாறு பணித்தார். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்கவில்லை. ரற்றீன் மைதானத்தை விட்டு அகல மறுத்தார். ஆட்டம் நெடுநேரம் தடைப்பட்டது. இக்குழப்பத்தைச் சிந்தித்த ஆங்கில மத்தியஸ்தர் கென் அஸ்ற்றன், வீதிச் சமிக்ஞை விளக்குகளைக் கண்டு மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் கற்பனை செய்தார். 1970 இல் மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் அவை முதன்முதலாகப் பயன்பட்டன. தீர்ப்புக்கு ஆளாகுபவனுக்குத் தீர்ப்பு விளங்கவேண்டும் என்னும் நியாயமே அந்த இரு அட்டைத் துண்டுகளின் பிறப்புக்குக் காரணம். ஆட்டக்காரனுக்கு விளங்கவேண்டும் என ஒரு புதிய கருவியையே படைத்த ஆட்டம், மத்தியஸ்தனாக விழைபவனுக்கு விளங்காத மொழியில் விதி கற்பிக்கப்படுவதை எங்ஙனம் பொறுக்கும்?

நான்காவது தடை கூலி. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அவ்விரண்டும் எத்துணைப் போராட்டத்தின்பின் கிடைத்தன என்பதனை இங்கு விவரிக்க வேண்டுவதில்லை. ஹற்றனிலேயே வகுப்பு நடப்பினும், நல்லதண்ணியிலிருந்து சென்று வருவதற்கு அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். வேலைநாளாயின் ஒரு பேர் இழப்பு. கொழும்பில் நடப்பின் இரண்டு மூன்று பேர் இழப்பு, தங்குமிடச் செலவு வேறு. இவற்றுக்குப் பின்னரும் சப்பாத்து வாங்கவேண்டும், சீருடை வாங்கவேண்டும். "விருப்பமுள்ளவர் விண்ணப்பிக்கலாம்" என்னும் அறிவித்தல் எல்லோருக்கும் பொதுவானதாகத் தோன்றும். ஆயின், விண்ணப்பிப்பதற்கே ஒரு வாரக் கூலியை இழக்கவேண்டியவனுக்கும், வீட்டிலிருந்து நடந்து செல்பவனுக்கும் அது பொதுவானதன்று. சமமற்றவர்களைச் சமமாக நடத்துவதும் ஒரு பக்கச்சார்பே.

இனி, நம்மவரிடமிருந்தே எழும் மறுப்புக்களை நோக்குவோம். முதலாவது மறுப்பு: "நம்மவன் நடுவனானால் பக்கஞ்சாய்வான், ஆகவே வெளியாரை அழைப்பதே நன்று." இதனைக் கூறுவோர் பெரும்பாலும் அனுபவசாலிகள், ஆதலின் இதனை எளிதிற் தள்ளிவிட இயலாது. தோட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒருவகையில் உறவு. மைத்துனன், மாமன் என்னும் உறவு ஒருபுறம், தொழிற்சங்கம் மறுபுறம், வெளிப்படப் பேசப்படாத சாதி இன்னொருபுறம். இவற்றின் நடுவே ஒருவன் நடுநிலையாய் நிற்றல் அரிது என்பது மெய். ஆனால், நடுநிலை என்பது தூரத்திலிருந்து வருவதன்று. தூரத்திலிருந்து வந்தவர் நம்மை அறியாதவர் என்பதுமட்டுமே உறுதி; நம்மை மதிப்பவர் என்பது உறுதியன்று. ஒரே மாவட்டத்து மத்தியஸ்தர்கள் அம்மாவட்டத்து லீக் போட்டிகளை நடத்துதல் உலகெங்கணுமுள்ள வழக்கம். தன் கழகத்துக்கோ தன் பிரிவுக்கோ உரிய ஆட்டத்தில் ஒருவனை நியமிக்காதிருத்தலே அதற்குரிய காப்பு. நல்லதண்ணியான் பொகவந்தலாவை ஆட்டத்தையும், பொகவந்தலாவையான் நல்லதண்ணி ஆட்டத்தையும் நடத்தலாகாதா? அதற்குத் தேவை ஊருக்கொரு மத்தியஸ்தர். "நம்மவன் சாய்வான்" என்று கூறி ஒருவரையும் பயிற்றாது விடுவோமாயின், நம்மவரின் சாய்வு பற்றிய அந்த அவநம்பிக்கையையே நாம் நிலைநிறுத்துகின்றோம். நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்த திருக்குறளை மேடைதோறும் போற்றுகின்ற நாம், மைதானத்தில் நம்முள் ஒருவனும் நடுநிற்க வல்லானல்லன் என்று ஒப்புக்கொள்ளுதல் எத்துணை இழிவு!

இவ்வவநம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. மலையகத் தமிழ் மக்கள் இருநூறு ஆண்டுகளாகத் தீர்ப்புக்கு ஆளாகி வந்தவர்கள், தீர்ப்பளித்தவர்களல்லர். அன்று வேலையில் பேர் உண்டா, அரைப்பேரா, பேரே இல்லையா என்பதைக் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் தீர்மானித்தனர். கொழுந்து நிறுவையில் கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றிய முறைப்பாடு தலைமுறை தலைமுறையாக ஒலிப்பது; தராசைப் பிடித்தவன் சொல்லே அங்கு முடிந்த முடிபு. 1948 இல் ஒரு சட்டம் அவர்களுட் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கூடி, 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பார்ப்போம் எனப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டோரை எவரும் கேட்டாரல்லர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் வருவதற்கு 2003 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. ஆட்டத்திலும் இதே நிலைதான். திக்கோயா, மஸ்கெலியாத் துரைமார் தறவளையில் தமக்கெனக் கழகம் வைத்து ஆடிய காலத்தில், தொழிலாளிக்கு அங்கிருந்த இடம் புல் வெட்டுவதும் பந்து பொறுக்குவதுமே. இத்தகைய வரலாற்றையுடைய சமூகத்தில், அதிகாரம் என்பது எப்போதும் வெளியிலிருந்தும் மேலிருந்தும் வருவது என்னும் எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. வியப்புக்குரியது, படித்தவர்களாகிய நாமும் அதனை வேரோடு விட்டுவைப்பதே.

மத்தியஸ்தரின் அதிகாரம் இவ்வதிகாரங்கள் யாவற்றினும் வேறானது என்பதனை அழுத்திக் கூறவேண்டும். அவருடைய சட்டம் அச்சிடப்பட்டது. எவரும் வாங்கிப் படிக்கலாம். அவர் அதனை இயற்றவில்லை. தமக்கேற்ப மாற்றவும் இயலாது. அவருடைய தீர்ப்பு பூட்டிய அறையில் வழங்கப்படுவதன்று. நூற்றுக்கணக்கானோர் கண்முன் வழங்கப்படுவது. ஆட்டம் முடிந்தபின் அவர் அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கவேண்டும். துரையின் மகன் தவறிழைத்தாலும் லயத்துப் பிள்ளை தவறிழைத்தாலும் அட்டையின் நிறம் ஒன்றே. இத்தகைய அதிகாரத்தை ஏற்கப் பழகுதலும் செலுத்தப் பழகுதலும் சனநாயகத்தின் அரிச்சுவடி. இருபது வயதில் இருபத்திரண்டு பேருக்கு நடுவே நின்று, தன் சொந்த மாமன் கூச்சலிடும்போதும் விதி கூறுவதையே கூறப் பழகிய இளைஞன், நாளை நிறுவைத் தராசின் முன்னும், கூட்டு ஒப்பந்த மேசையின் முன்னும், பிரதேச சபையிலும் வேறுவிதமாகப் பேசுவான். விசில் ஒரு சிறு கருவியே. அது பழக்கும் நிமிர்வு சிறிதன்று.

இரண்டாவது மறுப்பு: "சோற்றுக்கே வழியில்லாதவர்க்கு விசில் எதற்கு? முதலிற் கூலி, வீடு, காணி, பின்னர் பார்க்கலாம்." இதனைக் கூறுவோரின் அக்கறையை மதிக்கின்றோம், முடிவை ஏற்கமாட்டோம். கூலிப் போராட்டத்தை நிறுத்திவிட்டு விசில் ஊதுங்கள் என்று எவரும் கூறவில்லை. அன்றியும், "முதலில் சோறு" என்னும் வாதம் பந்துக்கும் ஜேர்சிக்கும் கிண்ணத்துக்கும் மட்டும் ஏன் பொருந்துவதில்லை? தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு தோட்டத்துக்கு வரும் ஜேர்சியின் முதுகில் வள்ளலின் பெயரும் நெஞ்சிற் கட்சியின் நிறமும் இருக்கும். அவ்வேளையில் சோறு பற்றிய வாதத்தை எவரும் எழுப்புவதில்லை. காரணம் எளிது: ஜேர்சி பெறுபவன் கைநீட்டுபவன், தகுதிபெற்ற மத்தியஸ்தனோ எவர் தந்த கிண்ணமாயினும் விதியையே நோக்குபவன். கொடுப்போருக்கு முன்னையவன் வேண்டும், பின்னையவன் இடைஞ்சல்.

மூன்றாவது மறுப்பு: "மலை மடிப்பிற் பிறந்தவன் படித்துத்தான் எவ்வளவு தூரம் போகமுடியும்?" போனவர்களைக் காட்டுவோம். 2002 இல் கொரியாவிலும் ஜப்பானிலும் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில் உதவி மத்தியஸ்தராகக் கொடி பிடித்தவர்களுள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர். இந்திய அணி இறுதிச் சுற்றொன்றில் ஒருபோதும் ஆடாத உலகக் கிண்ணத்தில் ஒரு தமிழர் கடமையாற்றினார். அணி செல்லாத இடத்துக்கும் மத்தியஸ்தர் செல்லலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 2016 இல் பீபாவின் மத்தியஸ்தர் பட்டியலில் இடம்பெற்ற ரூபாதேவி திண்டுக்கல்லைச் சேர்ந்தவர். நம் முன்னோர் பலர் புறப்பட்டுவந்த பழைய மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியே திண்டுக்கல். இலங்கையின் டிலான் பெரேரா 2019 ஆசியக் கிண்ணப் போட்டியில் மத்தியஸ்தர்களுள் ஒருவர். 2022 டிசம்பரில் கற்றாரில் கொஸ்ராறிக்காவும் ஜேர்மனியும் ஆடிய உலகக் கிண்ண ஆட்டத்தை நடத்தியவர் ஸ்ரெபனி பிறப்பார் என்னும் பிரெஞ்சுப் பெண். இரு பக்கக் கோடுகளிலும் பெண்களே கொடி பிடித்தனர். கொழுந்து பறிப்போருட் பெரும்பான்மையினர் பெண்களாயிருந்தும், மைதானத்தின் ஓரத்திற்கூட அவர்களுக்கு இடந்தராத நம் தோட்டக் கழகங்கள் இதனைச் சிந்திப்பனவாக. பயிற்சி வகுப்பு தொடங்குமாயின் அதன் முதல் வரிசையில் பெண்கள் அமரவேண்டும்.

குறை கூறுதல் எளிது. செய்யவேண்டியவற்றையும் கூறுதல் கடன். 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தி அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே அத்தடையை நீக்கியது. நிருவாகிகளின் பூசல் தீரும்வரை காத்திருந்தால் நல்லதண்ணிக்கு விசில் வாராது. ஆகவே, கையிலுள்ளதைக்கொண்டு தொடங்குவோம். முதலாவது, இத்தமிழ்ச் சங்கமே 17 விதிகளையும் நடப்பு ஆண்டுத் திருத்தங்களோடு தமிழிற் பெயர்க்கும் பணியை, உரிய அனுமதி பெற்று, மேற்கொள்ளலாம். கலைச்சொல்லாக்கம் பற்றி ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்துகின்றோம். மத்தியஸ்தர் என்பதா நடுவர் என்பதா என வாதிடவும் வல்லோம். சொல் தேவைப்படுபவன் மஸ்கெலியாவில் காத்திருக்கின்றான். இரண்டாவது, தகுதிபெற்ற மத்தியஸ்தர்களைத் தமிழில் விரிவுரை நிகழ்த்தவல்ல போதனாசிரியர்களுடன் ஹற்றனுக்கு அழைத்து, வேலையற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பும் தேர்வும் நடத்துமாறு உதைபந்தாட்ட நிருவாகத்தைக் கோரவேண்டும். கோரிக்கை தமிழிலேயே எழுதப்படவேண்டும். பதிலும் தமிழிலேயே கேட்கப்படவேண்டும். மூன்றாவது, தோட்டச் சுற்றுப்போட்டி நடத்துவோர் கிண்ணத்துக்குச் செலவிடும் பணத்திற் பாதியைப் பயிலுநர் ஒருவரின் பயணத்துக்கும் இழந்த பேருக்கும் ஒதுக்கவேண்டும். நான்காவது, மலையகத்திலிருந்து இப்பல்கலைக்கழகத்துக்கு வந்துள்ள மாணவர்களே முதலிற் தேர்வெழுதவேண்டும். நம்மிற் பலர் நாளை அம்மலைகளுக்கே ஆசிரியராய்த் திரும்புவோர். பட்டச் சான்றிதழோடு ஒரு மத்தியஸ்தர் சான்றிதழையும் கொண்டு செல்வோமாயின், ஒவ்வொரு பாடசாலையும் ஒரு பயிற்சிக்கூடமாகும்.

இவற்றுள் எதுவும் பெருநிதி வேண்டுவதன்று. எதற்கும் அமைச்சர் வந்து நாடா வெட்டவேண்டியதில்லை. வேண்டுவதெல்லாம், நம்முள் ஒருவன் நடுவே நிற்கத் தகுந்தவன் என நாம் நம்புதலும், அந்நம்பிக்கைக்கேற்ப அவனைப் பயிற்றுதலுமே. பந்தை இரந்து பெறலாம். ஜேர்சியை இரந்து பெறலாம். மைதானத்தையும் எவரேனும் மனமிரங்கி வெட்டித் தரலாம். தீர்ப்பளிக்கும் தகுதியை எவரும் தானமாகத் தர இயலாது. கற்றும், ஓடியும், தேர்வெழுதியுமே அதனைப் பெறவேண்டும். அக்கல்விக்குரிய கதவைத் திறக்காது கிண்ணம் வழங்கிக்கொண்டிருப்போரை நோக்கி, ஆட்ட விதி அறிந்த ஒருவர் செய்யக்கூடியது ஒன்றே: விசில் ஊதி, ஆட்டத்தை நிறுத்தி, குற்றம் யாருடையது என்று கைகாட்டுதல். இக்கட்டுரை அதனைச் செய்ய முயன்றுள்ளது.